சாங்ஷன் ஆர்டரில் மூன்றாவது வரி

பணம் கொடுக்கும் எந்த அரசாங்க ஆர்டரை எடுத்துப் பார்த்தாலும் அதில் மூன்று விஷயம் இருக்கும். யாருக்கு, எவ்வளவு, எது வரை. முதல் இரண்டுக்கும்தான் சிபாரிசு, சண்டை, மேல்முறையீடு எல்லாம் நடக்கும். மூன்றாவது வரியை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பணம் நிற்கிற அன்றைக்குத்தான் அப்படி ஒரு வரி இருந்ததே ஞாபகம் வரும்.

என் குமாஸ்தா உத்தியோகத்தில் அந்த மூன்றாவது வரியை எத்தனையோ டிராஃப்டில் எழுதியிருக்கிறேன். எந்த அடிப்படையில் என்று கேட்டால், பழைய ஃபைலில் போன தடவை என்ன போட்டிருந்ததோ அதுதான். பழைய ஃபைல் இல்லையென்றால் மார்ச் 31. அதற்கு மேல் போடவேண்டுமானால் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் ஃபைல் இன்னொரு மாடி ஏறவேண்டும். ஒரு மாடி ஏறினால் ஒரு மாதம். ஆகவே மார்ச் 31.

சர்வீஸில் இருந்தவர்களுக்குத் 'தொடர் நீட்டிப்பு' என்ற சொல் தெரியும். தற்காலிகப் பணியிடம் என்று ஒரு வருடத்துக்கு உருவாக்குவார்கள். அதற்கு வருடா வருடம் நீட்டிப்பு ஆணை வரும். அந்த இடத்தில் சேர்ந்தவர் அதிலேயே ஓய்வு பெற்றுப் போவார். இடம் தற்காலிகம், ஆள் நிரந்தரம்! ஆணை வரத் தாமதமானால் அந்த மாதச் சம்பள பில் கருவூலத்தில் பாஸ் ஆகாது. வீட்டு வாடகை மட்டும் தாமதிக்காது.

ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணத்திலும் இந்த மூன்றாவது வரி உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்போது பி.எச்டி., புராஜெக்ட் என்று வெளியூரில் இருக்கிறார்கள். ஊருக்கு வந்தால், "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்பதற்கு முன்னால், "எப்போது முடியும்?" என்றுதான் வீட்டில் கேட்கிறார்கள். "மூணு வருஷம் தாத்தா, அதுக்கப்புறம் எக்ஸ்டென்ஷன் கிடைச்சாத்தான்" என்று பதில் வருகிறது. அந்த மூன்றை யார் தீர்மானித்தார்கள்? ஒரு கேள்விக்கு விடை கிடைக்க மூன்று வருடம் ஆகும் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள நம் தமிழ்நாட்டிலேயே நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு ஃபைல் இருக்கிறது. அந்த ஃபைலின் நாயகர் நம்ம கேடர்தான், குமாஸ்தா. பெயர் சீனிவாச ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தது, கும்பகோணத்தில் வளர்ந்தது, எஃப்.ஏ. தேறாமல் போனது, நாமகிரித் தாயார், சிலேட்டுப் பலகை, முழங்கையால் அழித்தது, இதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரிந்த கதை. நான் சொல்ல வருவது அவருக்கு வந்த பணத்தின் கதை. அதிலும் தொகையை விட, காலம்.

முதலில் வந்த பணத்துக்குக் காலமே கிடையாது. 1910 கடைசியில் ராமானுஜன் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் போய்ப் பார்த்தார். ராவ் கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர். இந்தப் பையனுக்கு வேண்டியது சோற்றுக் கவலை இல்லாத ஓய்வு நேரம்தான் என்று புரிந்துகொண்டு, சென்னையில் இருந்து வேலையைப் பார் என்று தன் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். எது வரை என்று கேட்கவில்லை, ரிப்போர்ட் கேட்கவில்லை. இன்றைய ஆராய்ச்சியாளர்கள் கனவில்கூடக் காணாத கிராண்ட் இது. ஆனால் ராமானுஜனுக்கு அது உறுத்தியது. ஒருவர் தயவில் எத்தனை நாள் சாப்பிடுவது? சுமார் ஒரு வருடத்தில் அதை விட்டுவிட்டு வேலை தேடப் போனார். அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய்க்குச் சில வாரம் தற்காலிக வேலை. பிறகு 1912 மார்ச் 1 முதல் சென்னை போர்ட் டிரஸ்டில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய்.

இந்த இடத்தைப் பல புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. காலம் குறிக்காத பணம் உபகாரம். வாங்குகிறவன் தினமும் நன்றி சொல்லவேண்டும். காலம் குறித்த பணம் உரிமை. அந்தத் தேதி வரை யாரும் ஒன்றும் கேட்கமுடியாது. மூன்றாவது வரி ஒரு கத்திரிக்கோல் மட்டும் இல்லை, ஒரு கௌரவமும்கூட. இதை ஒத்துக்கொண்டுதான் மேலே போகவேண்டும்.

போர்ட் டிரஸ்டில் அவருக்கு மேலே இருந்தவர்கள் நல்லவர்கள். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கணக்குப் பிரிவில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், இருவரும் இந்தக் குமாஸ்தா சாதாரண ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். 1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குப் போன கடிதமும், பிப்ரவரியில் ஹார்டி எழுதிய பதிலும் உலகம் அறிந்தவை. அதே பிப்ரவரியில் நடந்த இன்னொரு காரியம் அவ்வளவு பிரபலம் இல்லை. இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சிம்லாவிலிருந்து சென்னைக்கு வந்திருந்தார். அவரும் கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். ராமானுஜனின் நோட்டுகளைக் காட்டினார்கள். பிப்ரவரி 26-இல் வாக்கர் சென்னைப் பல்கலைக்கழக ரிஜிஸ்திராருக்கு ஒரு கடிதம் எழுதினார். இவர் பிழைப்புக் கவலை இல்லாமல் சில வருடங்களாவது முழு நேரமும் கணிதத்தில் இருக்கப் பல்கலைக்கழகம் வழி செய்வது நியாயம் என்பது அதன் சாரம்.

'சில வருடங்களாவது' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதம் கணிதப் பாடக்குழு கூடிச் சிபாரிசு செய்தபோது அது 'மாதம் 75 ரூபாய், இரண்டு வருடம்' என்று ஆகிவிட்டது. 'சில' என்பது இரண்டாகிவிட்டது. 'ஆவது' என்ற சொல் காணாமல் போயிற்று. ஃபைலில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 'சில வருடங்களாவது' என்பதைப் பட்ஜெட்டில் எழுதமுடியாது. 75-ஐ 24-ஆல் பெருக்கினால் 1,800 ரூபாய். அதை எழுதலாம்.

அந்த இரண்டு எங்கிருந்து வந்திருக்கும் என்றால், அது அந்தக் காலத்துக்குப் பழக்கமான எண். லண்டனில் 1851-இல் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் மிஞ்சிய லாபத்திலிருந்து ஒரு கமிஷன் 1891 முதல் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்துவந்தது. வருடத்துக்கு 150 பவுண்டு, இரண்டு வருடம். நியூசிலாந்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த ரூதர்ஃபோர்டு 1895-இல் கேம்பிரிட்ஜுக்குப் போனது அந்தப் பணத்தில்தான். ஒரு பட்டதாரியைச் சோதித்துப் பார்க்க இரண்டு வருடம் போதும் என்று அன்றைய பெரியவர்கள் நினைத்தார்கள்.

ஆனால் நம்மவர் பட்டதாரி இல்லையே! எம்.ஏ. இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுக்க விதியில் இடம் கிடையாது. எஃப்.ஏ. கூடத் தேறாதவருக்கு எப்படிக் கொடுப்பது? சிண்டிகேட்டில் இந்தக் கேள்வி வந்தபோது, ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்று சட்டத்தின் முகவுரையே சொல்வதைக் காட்டி வழி பண்ணினார்கள். விதி குறுக்கே வந்தால் முகவுரைக்குப் போவது... இதை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு நமஸ்காரம். நான் பார்த்த வரையில், முகவுரையைப் படிக்கிறவர்கள் குறைவு. உபவிதியைப் படிக்கிறவர்கள்தான் அதிகம்.

1913 மே 1 முதல் உதவித்தொகை ஆரம்பம். போர்ட் டிரஸ்ட் சம்பளமில்லா விடுப்பு கொடுத்தது. வேலையை ராஜினாமா செய்யச் சொல்லவில்லை. குடும்பம் திருவல்லிக்கேணியில் இருந்தது, கன்னிமாரா நூலகம் இருந்தது, 30-க்குப் பதில் 75 வந்தது. ஒரே நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணிதப் பாடக்குழுவுக்கு ரிப்போர்ட் கொடுக்கவேண்டும்.

அந்த ரிப்போர்ட்டுகள் 1913 ஆகஸ்ட் 5, நவம்பர் 7, 1914 மார்ச் 9 என்று மூன்று. மே, ஜூன், ஜூலை முடிந்ததும் ஆகஸ்ட் 5. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் முடிந்ததும் நவம்பர் 7. மூன்றாவதுதான் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. ரிப்போர்ட் என்றால் ஒப்புக்கு எழுதியது இல்லை. இன்று 'ராமானுஜனின் மாஸ்டர் தேற்றம்' என்று சொல்கிறார்களே, தொகையீடுகளைக் கண்டுபிடிக்கும் ஒரு பெரிய வழி, அதை அவர் அந்த ரிப்போர்ட்டுகளில்தான் விளக்கி எழுதினார். நோட்டுப் புத்தகங்களில் விடைகளை மட்டும் எழுதிக்கொண்டு போனவர், மூன்று மாத ரிப்போர்ட் என்பதற்காக, இந்த விடைக்கு எப்படி வந்தேன் என்று கொஞ்சம் சொல்லவேண்டியதாயிற்று. ஆராய்ச்சியாளர்கள் ரிப்போர்ட் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அந்த நிபந்தனை இல்லையென்றால் அந்தப் பக்கங்கள் நமக்குக் கிடைத்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு வருடம் முடியவில்லை. பதினோரு மாதம்கூட முடியவில்லை. 1914 ஆரம்பத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்து, ராமானுஜனைப் பார்த்து, அவரை அங்கே அனுப்பப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ஸ்பிரிங் தன் பங்குக்குக் கவர்னரின் அந்தரங்கச் செயலாளருக்கு எழுதினார். கவர்னர் பென்ட்லண்ட் பிரபு சம்மதித்தார். வருடத்துக்கு 250 பவுண்டு. கப்பல் கட்டணத்துக்கும் உடுப்புக்கும் தனியாக. காலம் மறுபடியும் இரண்டு வருடம்! ஒரு பவுண்டு 15 ரூபாய் என்ற அன்றைய கணக்கில் 250 பவுண்டு 3,750 ரூபாய். வருடம் 900 ரூபாயாக இருந்த தொகை நாலு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. தொகையை நாலு மடங்காக்கத் துணிந்தவர்களுக்குக் காலத்தைக் கூட்டத் துணிவு வரவில்லை.

மார்ச் 17-இல் நெவாஸா கப்பல் ஏறினார். ஏப்ரல் 14-இல் லண்டன். ஆகஸ்டில் முதல் உலகப் போர். நெவில், ஹார்டி, லிட்டில்வுட் என்று மூன்று பேரை நம்பிப் போனார். லிட்டில்வுட் ராணுவ வேலைக்குப் போய்விட்டார். இரண்டு வருடத்தில் எதை முடிப்பது? 1915 கடைசியில் டிரினிட்டி கல்லூரியில் அவருக்குப் பொறுப்பாசிரியராக இருந்த பார்ன்ஸ் சென்னைக்கு எழுதினார்: பையன் பிரமாதமாகச் செய்கிறான், 1917 அக்டோபரில் அவன் இங்கே ஃபெல்லோ ஆகிவிடுவான் என்று எதிர்பார்க்கிறேன், அதுவரை உதவித்தொகையை நீட்டியுங்கள் என்ற பொருளில். நீட்டித்தார்கள். 1916 மார்ச்சில், இரண்டு வருடத் தவணை முடிகிற அதே மாதத்தில், ஆராய்ச்சி வழியாக அவருக்குக் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கிடைத்தது. எஃப்.ஏ. தேறாத குமாஸ்தாவுக்கு.

1917 அக்டோபரில் ஃபெல்லோ ஆகவில்லை. அந்த வருடம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிரினிட்டியிலும் அப்போது உள்சண்டை. 1918-இல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார். அதற்குப் பிறகு அக்டோபரில் டிரினிட்டியும் ஃபெல்லோஷிப் கொடுத்தது. வருடம் 250 பவுண்டு, ஆறு வருடம், எந்தக் கடமையும் கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகமும் விடவில்லை. பழைய உதவித்தொகை 1919 மார்ச் 31-இல் முடிந்தவுடன், ஏப்ரல் 1 முதல் வருடம் 250 பவுண்டு, ஐந்து வருடத்துக்கு.

இப்போது இந்த எண்களை வரிசையாகப் பாருங்கள். இரண்டு, இரண்டு, நீட்டிப்பு, ஐந்து, ஆறு. யாருக்கும் தெரியாத ஆளாக, உடம்பு நன்றாக இருந்து, மண்டை நிறையச் சூத்திரங்களோடு இருந்தபோது இரண்டு. உலகமே ஒத்துக்கொண்ட பிறகு, உடம்பு தேய்ந்தபோது ஐந்தும் ஆறும். காலம் என்பது வேலைக்கு எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் பார்த்துப் போட்டது அல்ல. கொடுக்கிறவருக்கு அந்த ஆள் மேல் எவ்வளவு நம்பிக்கை, எந்த வருடத்து பட்ஜெட் வரை கை நீட்டலாம், இந்த இரண்டைத்தான் அந்த வரி சொல்கிறது. நம்பிக்கை வர நாளாகிறது. ஆகவே நீண்ட காலம் எப்போதும் கடைசியில்தான் வருகிறது.

பல்கலைக்கழகத்தைக் குறை சொல்லவில்லை. முன்பின் தெரியாத, படிப்பை முடிக்காத இருபத்தைந்து வயசுப் பையனுக்கு 1913-இல் ஐந்து வருடம் எழுத எந்த ரிஜிஸ்திராருக்குத் தைரியம் வரும்? இரண்டு எழுதினார்களே, அதுவே பெரிது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் ஒன்று என்று எழுதி, திருப்தியாக இருந்தால் இன்னொன்று என்று சேர்த்திருப்பேன்.

1919 ஜனவரியில் ராமானுஜன் அந்தப் புது உதவித்தொகைக்கு நன்றி சொல்லி ரிஜிஸ்திராருக்கு எழுதிய கடிதத்தில், இது என் தேவைக்கு அதிகம், வருடம் 50 பவுண்டைப் பெற்றோருக்குக் கொடுங்கள், செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் கொடுங்கள் என்ற கருத்தில் எழுதினார். 'தொகை அதிகம்' என்று சாங்ஷன் ஆர்டருக்குப் பதில் எழுதிய ஒரு ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

மார்ச் கடைசியில் பம்பாய் வந்து இறங்கினார். 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் காலமானார். ஐந்து வருட ஆர்டரில் அவர் அனுபவித்தது ஒரு வருடமும் 26 நாளும். அந்த ஒரு வருடத்தில், காய்ச்சலோடு படுக்கையில் இருந்துகொண்டு எழுதியதுதான் 'மாக் தீட்டா' சார்புகள். அதைப் பற்றி 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். ரிப்போர்ட் கேட்காத பணம், ஆனாலும் எழுதினார். அந்தத் தாள்கள் எங்கெங்கோ போய், 1976-இல் டிரினிட்டி நூலகத்தில் ஒரு பெட்டியில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கையில் கிடைத்தன. ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ண்டும் அதற்கு விளக்கம் எழுதி முடித்தபோது ஐந்து பாகம். முதல் பாகம் 2005-இல், கடைசிப் பாகம் 2018-இல். மாக் தீட்டா உண்மையில் என்ன என்பதை சாண்டர் ஸ்வேகர்ஸ் என்ற டச்சுக்கார மாணவர் தன் ஆய்வேட்டில் தெளிவாக்கியது 2002-இல். கொடுத்த பணத்தின் பலன் எண்பத்திரண்டு வருடம் கழித்து வந்தது. பயன்பாட்டுச் சான்றிதழில் இதற்கு எந்தக் கட்டம்?

மனைவி ஜானகி அம்மாளுக்குப் பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்தது. அந்த அம்மா தையல் வேலை செய்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்து 1994-இல் காலமானார்.

சரி, இன்றைக்கு வருவோம். இன்று இரண்டும் ஐந்தும் எங்கே இருக்கின்றன? அப்படியே இருக்கின்றன. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு வருடம் ஜூனியர். அப்போது குழு பார்த்துச் சரி என்றால் அடுத்த மூன்று வருடம் சீனியர். ஆக மொத்தம் ஐந்து. 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஆசிரியர்களுக்கு வரும் சாதாரண ஆராய்ச்சித் திட்டங்களுக்கு மூன்று வருடம்தான் வழக்கம். வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் ஒரு ஃபெல்லோஷிப்புக்கு ராமானுஜன் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதன் காலம் ஐந்து வருடம். 1919 ஆர்டரைப் பார்த்து வைத்தார்களோ என்று தோன்றும்; நம் நாட்டில் ஐந்துக்கு வேறு காரணமும் உண்டு. 1951 முதல் 2017 வரை பன்னிரண்டு ஐந்தாண்டுத் திட்டங்கள் ஓடின. ஒரு திட்டத்தில் ஒதுக்கிய பணம் அடுத்த திட்டத்துக்கு வராது. மூன்றாவது வருடத்தில் சாங்ஷன் ஆன ஆராய்ச்சி ஐந்து வருடம் என்றால் இரண்டு வருடம் அடுத்த திட்டத்தில் தொங்கும்; தொங்குவது அக்கவுண்ட்ஸ்காரர்களுக்குப் பிடிக்காது. நிதிக்குழுவின் காலமும் ஐந்து, தேர்தலும் ஐந்து.

நான் பள்ளிக்கூடம் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். உதவித்தொகைக்கு அங்கே 'பூர்ஸ்' என்பார்கள். பணப்பை என்று அர்த்தம். நம் 'பர்ஸ்' அதற்கு உறவுதான். பையைக் கொடுக்கிறார்கள், வருடத்துக்கு ஒரு தடவை பையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஆராய்ச்சியில் பிரெஞ்சுக்காரர்கள் இன்னொரு வழி கண்டார்கள். 1939-இல் அவர்கள் ஆரம்பித்த தேசிய ஆராய்ச்சி மையம், நாளடைவில் ஆராய்ச்சியாளரையே அரசு ஊழியராக்கிவிட்டது. 1980-களில் சட்டமாகவே ஆயிற்று. ஆளுக்குத் தவணை கிடையாது, ஓய்வு பெறும் வரை உத்தியோகம். ஆனால் கருவிக்கும் உதவியாளர்களுக்கும் பணம் வேண்டுமே? 2005-இல் அவர்களும் தவணைப் பணம் கொடுக்க ஒரு ஏஜென்சியை ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் எல்லாரும் அதே வரிக்கு வந்து சேர்கிறார்கள்.

அமெரிக்காவில் இதையே ஒரு சோதனையாகப் பார்த்தார்கள். அங்கே அரசாங்க மருத்துவ ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருடம், இன்னதைச் செய்கிறேன் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்து வாங்குவது. ஹோவர்ட் ஹியூஸ் என்ற தனியார் அறக்கட்டளை, திட்டத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து நீண்ட காலத்துக்குக் கொடுக்கிறது. முதல் தவணையில் பெரிதாக ஒன்றும் வராவிட்டாலும் பொறுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய ஒரே தரமுள்ள விஞ்ஞானிகளை இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட்டு, அஸூலே, கிராஃப் ஜிவின், மான்ஸோ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2011-இல் எழுதினார்கள். நீண்ட காலப் பணம் வாங்கியவர்களிடமிருந்து உலகம் கவனித்த கட்டுரைகள் அதிகம் வந்தன. யாருமே சீண்டாத கட்டுரைகளும் அதிகம் வந்தன. இரண்டாவது பாதியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். நீண்ட காலம் கொடுக்கிறவர் தோல்வியையும் சேர்த்து வாங்குகிறார். ஆடிட் பார்ட்டி வரும்போது அந்தத் தோல்விக்கு யார் பதில் சொல்வது? ஆகவே மூன்று வருடம்.

நம் பக்கத்தில் இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று இரண்டு உதாரணம். ஒன்று சிவகாசி. பட்டாசுப் புகை பற்றிய வழக்கில் 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேரியம் கூடாது, புகை குறைந்த பட்டாசுதான் வெடிக்கலாம். தீபாவளி நவம்பர் 6. ஆலைகள் பல மாதம் பூட்டிக் கிடந்தது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சாத்தூர்ப் பக்கம் எத்தனை வீட்டில் உலை வைக்கத் திண்டாடினார்கள் என்பதும். நாக்பூர் நீரி நிறுவனமும் மற்ற சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களும் சேர்ந்து மருந்துக் கலவையை மாற்றும் வேலையில் இருந்தன. 2019 அக்டோபர் 5-இல் மத்திய அமைச்சர் பசுமைப் பட்டாசை வெளியிட்டார். நுண்துகள் 30 சதவீதம் குறையும் என்றார்கள். அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 27. இந்த ஆராய்ச்சிக்குக் கெடு வைத்தது எந்த நிதிக் குழுவும் இல்லை. பஞ்சாங்கம்தான் வைத்தது. அவசரத்துக்குப் பலன் கிடைத்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த 30-ஐ 60 ஆக்க எத்தனை வருடம் வேண்டும் என்று உட்கார்ந்து யோசிக்கும் ஆராய்ச்சி வேறு. அதற்குத் தீபாவளி கெடு சரிப்படாது.

இன்னொன்று கோவில்பட்டி. இங்கிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். 1901-இல் ஆரம்பித்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அங்கே கரிசல் நடுவில் இருக்கிறது. பருத்தி, சோளம், கம்பு என்று மானாவாரிப் பயிர்களில்தான் அதன் வேலை. மானாவாரி என்றால் வானம் பார்த்தது. ஒரு வருடம் ஐப்பசியில் அடித்துப் பெய்யும். அடுத்த வருடம் கார்த்திகை வரை ஏமாற்றும். இந்த மண்ணில் மூன்று வருடப் பரிசோதனை என்றால் மூன்று மழையைப் பார்த்தேன் என்று அர்த்தம். மூன்றும் நல்ல வருடமாக அமைந்தால் அந்த ரகம் அமோகம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம். நாலாவது வருடம் விதைத்த சம்சாரிதான் மிச்சத்தைக் கண்டுபிடிப்பான்.

இந்த மழை ஏன் இப்படிச் சுற்றிச் சுற்றி ஏமாற்றுகிறது என்று தேடியவர் வேறு யாரும் இல்லை, ராமானுஜனுக்காக 'சில வருடங்களாவது' என்று எழுதிய அதே கில்பர்ட் வாக்கர்தான். 1904 முதல் 1924 வரை இருபது வருடம் ஒரே நாற்காலியில் இருந்தார். உலகம் முழுவதிலிருந்தும் காற்றழுத்தம், வெப்பம், மழை என்று வந்த கணக்குகளை வரிசை வரிசையாக வைத்து, எதற்கும் எதற்கும் தொடர்பு என்று இந்தியக் குமாஸ்தாக்களை உட்காரவைத்துக் கூட்டிப் பெருக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் என்றால் அப்போது அவர்கள்தான். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது என்ற அந்தப் பெரிய ஊசலாட்டத்தை அவர் எழுதி வெளியிட்டது பதவிக் காலத்தின் கடைசியில். அதற்கும் எல் நினோவுக்கும் உள்ள தொடர்பை பியெர்க்னெஸ் 1960-களில் விளக்கினார். இன்று தொலைக்காட்சியில் எல் நினோ வருகிறது, மழை குறையும் என்று சொல்வது அந்தக் கணக்கின் வட்டிதான். வாக்கருக்கு இந்த ஆராய்ச்சிக்கென்று தனி கிராண்ட் எதுவும் இல்லை. சம்பளம் இருந்தது, குமாஸ்தாக்கள் இருந்தார்கள், யாரும் மூன்றாவது வருடம் முடிவில் ஃபைலை மூடவில்லை.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1909-இல் ஆரம்பித்த நிரந்தர உரப் பரிசோதனை வயல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பாத்திக்கும் வருடா வருடம் அதே உரம். ஒரு பாத்திக்கு ஒன்றுமே கிடையாது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட்டில் 1843 முதல் நடப்பதைப் பார்த்து வைத்தது. உரத்தால் மண் எப்படி மாறுகிறது என்பது முதல் மூன்று வருடத்தில் தெரியாது. இருபது, முப்பது வருடத்து மண்ணை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 2009-இல் அதற்கு நூறு வயது ஆயிற்று. பரிசோதனை இன்னும் முடியவில்லை.